ஆரோக்கியமும் குளிர்ந்த நீரும்: மறுமையில் முதலில் கேட்கப்படும் நிஃமத்



எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.



மனிதனுக்கு அவனுடைய பிடரி நரம்பைவிடவும் தான் நெருக்கமாக இருப்பதாக அல்லாஹ் ஸூரத்துல் காஃபின் 16ஆம் வசனத்தில் சொல்கிறான். நமக்கு நன்றாகத் தெரிந்த வசனம்தான். தமிழில் அதை நரம்பு என்று சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் அங்கே வந்துள்ள ‘வரீத்’ என்ற அரபிச் சொல் இரத்தம் ஓடும் குழாயைக் குறிக்கும். தன்னுடைய நெருக்கத்தை நமக்குப் புரிய வைக்க அல்லாஹ் எடுத்துக்கொண்ட அளவுகோல் ஓர் இரத்தக் குழாய். நம் உடம்பில் நமக்கு மிக நெருக்கமாக இருப்பதும் அதுதான், நாம் ஒருமுறைகூட நினைத்துப் பார்க்காததும் அதுதான்.

கை வலித்தால் கையை நினைக்கிறோம். பல் வலித்தால் பல்லை நினைக்கிறோம். இரத்தக் குழாய் பல வருடங்கள் வலிக்காது. சத்தமில்லாமல் கெடும். ஒருநாள் மாரடைப்பாகவோ பக்கவாதமாகவோ தன்னை அறிவிக்கும். வலிக்காத ஒன்றுக்கு நாம் செய்யும் தீங்கு தீங்காகுமா? ஹலாலான ஒரு பொருளால் அந்தத் தீங்கு வந்தால் அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்குமா? இந்த வாரம் நாம் சிந்திக்க எடுத்துக்கொண்ட விஷயம் இதுதான். தினமும் நம் வீட்டில், கடையில், வலீமா பந்தியில் கை மாறிக்கொண்டிருக்கும் இனிப்புப் பானங்களை முன்வைத்து இதைப் பார்ப்போம்.

முதல் கேள்வி எது?

மறுமையில் அமல்களில் முதலில் விசாரிக்கப்படுவது தொழுகை. இது நம் எல்லோருக்கும் தெரியும். நிஃமத்துகளில், அதாவது அல்லாஹ் தந்த அருட்கொடைகளில், முதலில் விசாரிக்கப்படுவது எது? அதையும் நபி (ஸல்) அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவித்து, திர்மிதியில் பதிவாகியுள்ள ஹதீஸின் கருத்து இது: உனக்கு உடல் ஆரோக்கியத்தைத் தரவில்லையா, குளிர்ந்த நீரால் உன் தாகத்தைத் தணிக்கவில்லையா என்று அடியான் முதன்முதலில் கேட்கப்படுவான்.

சகோதரர்களே, இந்த இரண்டும் எப்படிச் சேர்ந்து வருகின்றன என்று பாருங்கள். ஆரோக்கியம் ஒன்று, குளிர்ந்த நீர் ஒன்று. மாளிகையோ வாகனமோ முதலில் வரவில்லை. கோவைக்காரர்களாகிய நமக்கு இந்த ஹதீஸ் இன்னும் அழுத்தமாக உறைக்க வேண்டும். வெளியூர் போய் வந்தவுடன் ஒரு சொம்பு சிறுவாணித் தண்ணீர் குடித்துவிட்டு, “இந்தத் தண்ணிக்கு ஈடே இல்ல” என்று சொல்கிற ஊர் நம்முடையது. அப்படிப்பட்ட தண்ணீரைக் குழாயில் வரவைத்த ரப்பு, அதைப் பற்றிக் கேட்கமாட்டானா? அந்தத் தண்ணீர் இருக்கும்போது தாகத்துக்கு நீ எதைக் குடித்தாய், குடித்து இந்த உடம்பை என்ன செய்தாய் என்று கேட்டால் என்ன சொல்வோம்?

அபூபர்ஸா (ரலி) அவர்கள் அறிவிக்கும் மற்றொரு ஹதீஸும் திர்மிதியில் உண்டு. ஆயுளை எப்படிக் கழித்தான், கல்வியைக் கொண்டு என்ன செய்தான், பொருளை எப்படிச் சம்பாதித்து எதில் செலவிட்டான், உடலை எதில் தேய்த்தான் என்று கேட்கப்படாமல் ஓர் அடியானின் பாதங்கள் மறுமையில் நகராது என்பது அதன் கருத்து. உடல் எப்படியும் தேயத்தான் செய்யும். அது எதில் தேய்ந்தது என்பதுதான் கேள்வி. உழைப்பில் தேய்ந்ததா, இபாதத்தில் தேய்ந்ததா, பிள்ளைகளை வளர்ப்பதில் தேய்ந்ததா? அல்லது நாக்கின் ருசிக்காகத் தேய்ந்ததா?

நம் ஊரும் இனிப்பும்

இனிப்புக்கும் நம் ஊருக்கும் நெருங்கிய உறவு உண்டு. கோவையில் உள்ள கரும்பு இனப்பெருக்க நிறுவனம் 1912இல் தொடங்கப்பட்டது. அப்போது இந்தியாவில் பல இடங்களில் பயிரான கரும்பு மெலிந்தது, விளைச்சல் குறைந்தது. சாறு மிகுந்த கரும்பையும் நாணல்போல் தானே வளரும் காட்டுக் கரும்பையும் இங்கே ஒட்டுச் சேர்த்தார்கள். அப்படிப் பிறந்த கோ 205 என்ற ரகம் 1918இல் வெளிவந்தது. ‘கோ’ என்பது கோயம்புத்தூர். அதற்குப் பின் வந்த கோ ரகங்கள் இந்தியாவின் கரும்புக் காடுகளையே மாற்றின. இன்றும் பவானிக் கரையோரம் கரும்பு நிற்கிறது. கவுந்தப்பாடியில் நாட்டுச் சர்க்கரை மூட்டை மூட்டையாக ஏலம் போகிறது.

இது அல்லாஹ் இந்த மண்ணுக்குக் கொடுத்த பரக்கத். கரும்பு விவசாயியையோ ஆலைத் தொழிலாளியையோ குறை சொல்ல நாம் வரவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நம் பாட்டன் கரும்பைக் கடித்துத்தான் தின்றார். ஒரு கழியைத் தின்று முடிக்க நேரமாகும், தாடை வலிக்கும். சக்கையைத் துப்ப வேண்டும். போதும் என்று வாயே சொல்லிவிடும். அந்த இனிப்புக்கு இயற்கையே ஒரு வேலி போட்டிருந்தது. சக்கையை நீக்கி, சாற்றைக் காய்ச்சி, வெள்ளைச் சர்க்கரையாக்கி, அதைத் தண்ணீரில் கரைத்து, வாயு ஏற்றி, குளிர வைத்துக் கொடுத்தால் வேலி போய்விடுகிறது. இரண்டு நிமிடத்தில் ஒரு பாட்டில் உள்ளே இறங்கிவிடும். அவ்வளவு இனிப்பு போன பிறகும் வயிறு நிறைந்ததாகத் தெரியாது. அதே பசியோடு பிரியாணியும் சாப்பிடுவோம்.

குழாய்க்குள் நடப்பது என்ன?

இப்போது கணக்கைப் பார்ப்போம். சாதாரணமாக விற்கும் குளிர்பானத்தில் 100 மில்லிக்குச் சுமார் 10 கிராம் சர்க்கரை இருக்கிறது. பாட்டிலின் பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள், நீங்களே பார்க்கலாம். 300 மில்லி குடித்தால் 30 கிராம். தேக்கரண்டிக்கு 4 கிராம் என்று வைத்தால் ஏழெட்டுக் கரண்டி. உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல், சேர்க்கப்படும் சர்க்கரையும் சாறு, தேன் போன்றவற்றின் சர்க்கரையும் சேர்ந்து நாள் உணவின் சக்தியில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்கிறது. 5 சதவீதம் என்பது பெரியவர் ஒருவருக்குச் சுமார் 25 கிராம். ஒரே பாட்டிலில் அது தாண்டிவிடுகிறது.

இன்னொரு கணக்கு. ஆரோக்கியமான ஒரு மனிதரின் உடம்பில் சுமார் 5 லிட்டர் இரத்தம் ஓடுகிறது. அவ்வளவு இரத்தத்திலும் வெறும் வயிற்றில் இருக்கும் குளுக்கோஸ் 4 அல்லது 5 கிராம்தான், அதாவது ஒரு தேக்கரண்டி. அல்லாஹ் அந்த அளவை இரவும் பகலும் காத்து நிற்க வைத்திருக்கிறான். அந்த ஒரு கரண்டி இருக்கும் இடத்துக்கு நாம் இரண்டு நிமிடத்தில் ஏழெட்டுக் கரண்டியை அனுப்புகிறோம். கணையம் அவசர அவசரமாக இன்சுலினைச் சுரக்கிறது. அந்தச் சர்க்கரையில் ஏறத்தாழப் பாதி ஃப்ரக்டோஸ். அது பெரும்பாலும் கல்லீரலுக்குப் போகிறது. தினமும் அளவு மீறினால் கல்லீரல் அதைக் கொழுப்பாக மாற்றுகிறது. இரத்தத்தில் ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பும் யூரிக் அமிலமும் கூடுகின்றன.

இரத்தக் குழாயின் உள்பக்கத்தில் ஒரே ஒரு செல் கனத்தில் ஒரு மெல்லிய விரிப்பு இருக்கிறது. அதற்கு எண்டோதீலியம் என்று பெயர். குழாய் எப்போது விரிய வேண்டும், எப்போது சுருங்க வேண்டும் என்பதை அது நடத்துகிறது. இரத்தம் குழாய்க்குள் தேவையில்லாமல் உறையாமலும் பார்த்துக்கொள்கிறது. குழாயை விரியச் செய்ய அது வெளிவிடும் செய்தி நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு. இதைக் கண்டறிந்த மூன்று விஞ்ஞானிகளுக்கு 1998இல் மருத்துவ நோபல் பரிசு தரப்பட்டது.

இரத்தத்தில் சர்க்கரை திடீரென்று ஏறும்போது அந்த நைட்ரிக் ஆக்சைடு குறைகிறது. சர்க்கரைக் கரைசலைக் குடிக்கவைத்துச் செய்த பரிசோதனைகளில், நோய் எதுவும் இல்லாதவர்களுக்கும்கூட குழாய் விரியும் திறன் ஓரிரு மணி நேரம் மங்குவது தெரிந்தது. பிறகு அது சரியாகிவிடுகிறது. ஒருநாள் ஒரு பாட்டில் குடித்ததால் யாருடைய குழாயும் அடைத்துவிடாது. அப்படிச் சொல்லிப் பயமுறுத்துவது பொய்யாகிவிடும். ஆனால் ஆறுவதற்குள் அடுத்தது, அடுத்த நாள் இன்னொன்று என்று பத்து வருடம், இருபது வருடம் போனால்? குழாயின் சுவர் விறைக்கிறது. இரத்த அழுத்தம் கூடுகிறது. உள்விரிப்பு பழுதான இடத்தில் கொழுப்பு படிகிறது. சர்க்கரை நோயும் சேர்ந்தால் கண்ணின் விழித்திரை, சிறுநீரகம், கால் என்று மிக நுண்ணிய குழாய்கள் உள்ள இடங்கள் முதலில் அடிவாங்குகின்றன.

அமெரிக்காவில் சுமார் 88,000 செவிலியப் பெண்களை 24 வருடங்கள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2009இல் வெளியானது. தினமும் இரண்டோ அதற்கு மேலோ இனிப்புப் பானம் குடித்தவர்களுக்கு, மாதம் ஒன்றுகூடக் குடிக்காதவர்களைவிட இதய நோய் ஆபத்து 35 சதவீதம் அதிகமாகத் தெரிந்தது. 2025இல் நேச்சர் மெடிசின் இதழில் வந்த மதிப்பீட்டின்படி, 2020ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் புதிதாக வந்த சர்க்கரை நோயில் சுமார் 22 லட்சம் பேருக்கும், இதய, இரத்தக் குழாய் நோயில் சுமார் 12 லட்சம் பேருக்கும் இனிப்புப் பானங்களோடு தொடர்பு உண்டு. நம் நாட்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் இண்டியாப் ஆய்வு 2023இல் சொன்னது: 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், 13 கோடிக்கும் மேற்பட்டவர்கள் அதன் வாசலில். உங்கள் ஸஃப்பில் வலமும் இடமும் தொழுபவர்களை நினைத்துப் பாருங்கள். எண்கள் தூரத்தில் இல்லை.

“ஹலால்தானே ஹஜ்ரத்?”

இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும். “ஹஜ்ரத், இது சாராயமா? ஹலால்தானே? நபி (ஸல்) அவர்களுக்கே இனிப்பும் தேனும் பிடிக்கும் என்று ஹதீஸ் இருக்கிறதே?” ஆம், இருக்கிறது. இனிப்பையும் தேனையும் அவர்கள் விரும்பினார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் சொன்னது புகாரியில் உள்ளது. குளிர்ந்த இனிய பானமே அவர்களுக்கு மிகவும் பிடித்தமானது என்று திர்மிதியிலும் வருகிறது. இதை மறைத்துவிட்டுப் பேசுவது நேர்மையாகாது.

அதுமட்டுமல்ல. ஹலாலை ஹராம் என்று சொல்ல நமக்கு அதிகாரமும் இல்லை. தேன் சம்பந்தமான ஒரு நிகழ்வில், இனி அருந்துவதில்லை என்று நபி (ஸல்) அவர்கள் தம் மீது விதித்துக்கொண்டபோது, அல்லாஹ் அனுமதித்ததை ஏன் விலக்கிக்கொள்கிறீர் என்று கேட்டு ஸூரத்துத் தஹ்ரீமின் தொடக்க வசனமே இறங்கியது. ஆகவே, குளிர்பானம் ஹராம் என்று நாம் ஃபத்வா சொல்லவில்லை.

ஆனால் ஹராம் என்று சொல்வது வேறு, நமக்கு வேண்டாம் என்று விடுவது வேறு. உடும்புக் கறி பரிமாறப்பட்டபோது நபி (ஸல்) அவர்கள் கை வைக்கவில்லை. ஹராமா என்று கேட்டதற்கு, இல்லை, என் ஊரில் பழக்கமில்லாதது, மனம் ஒப்பவில்லை என்ற கருத்தில் பதில் சொன்னார்கள். காலித் பின் வலீத் (ரலி) அவர்கள் எதிரில் இருந்தே சாப்பிட்டார்கள். ஹலாலை ஹலாலாகவே வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் வழியை இது காட்டுகிறது.

இதைவிட நம் விஷயத்துக்கு நேராக வரும் ஹதீஸ் ஒன்று அபூதாவூதிலும் திர்மிதியிலும் உள்ளது. உம்முல் முன்திர் (ரலி) அவர்களின் வீட்டில் பேரீச்சங்குலைகள் தொங்கவிடப்பட்டிருந்தன. நபி (ஸல்) அவர்கள் அதிலிருந்து சாப்பிட்டார்கள். கூட வந்த அலீ (ரலி) அவர்களும் சாப்பிடத் தொடங்கினார்கள். அலீ (ரலி) அப்போதுதான் நோயிலிருந்து எழுந்திருந்தார்கள். நீங்கள் இன்னும் தேறவில்லை, நிறுத்துங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். பிறகு அந்த அம்மையார் வாற்கோதுமையும் கீரையும் சேர்த்துச் சமைத்துக் கொண்டுவந்தபோது, இது உங்களுக்கு ஏற்றது, இதைச் சாப்பிடுங்கள் என்றார்கள்.

யோசித்துப் பாருங்கள். பேரீச்சம்பழம் ஹலால். பரக்கத்தான பழம். தடுத்தவர் அல்லாஹ்வின் தூதர். தடுக்கப்பட்டவர் அவர்களின் மருமகன். ஒரே குலை, ஒரே நேரம். ஒருவருக்கு உணவாக இருப்பது இன்னொருவருக்கு வேண்டாததாக ஆகிறது. ஹலாலா என்ற கேள்விக்கு அடுத்து, இது எனக்கு ஏற்றதா என்ற கேள்வியும் உண்டு என்பதை அந்த வீட்டில் நபி (ஸல்) அவர்கள் கற்றுக்கொடுத்தார்கள். திருமறை 2:168இல் உணவைப் பற்றிச் சொல்லும்போது ஹலால் என்பதோடு தய்யிப் என்ற சொல்லும் சேர்ந்து வருகிறது. நல்லதாகவும் இருக்க வேண்டும். 7:31இல் உண்ணவும் பருகவும் அனுமதித்த கையோடு வீண்விரயம் வேண்டாம் என்றும் வருகிறது. பருகுவதிலும் இஸ்ராஃப் உண்டு என்பதற்கு இதைவிடத் தெளிவு வேண்டுமா?

ஆகவே ஆரோக்கியமானவர் எப்போதாவது குடிப்பது அனுமதிக்கப்பட்டது. தினமும் பழக்கமாக்கிக்கொள்வது அமானிதமான உடலை அலட்சியம் செய்வது. சர்க்கரை நோயோ இதய நோயோ இருந்து, நம்பகமான மருத்துவர் இது உங்களுக்குக் கேடு என்று சொன்ன பிறகும் குடிப்பவர், தம் கையாலேயே தம்மை அழிவில் போட்டுக்கொள்ள வேண்டாம் என்ற 2:195 வசனத்தின் எச்சரிக்கைக்கு அஞ்ச வேண்டும். அதே நோயாளிக்கு இன்சுலின் போட்டபின் சர்க்கரை திடீரென்று இறங்கிக் கை நடுங்கி வேர்த்தால், உடனே கொடுக்க வேண்டியதும் அந்த இனிப்புப் பானம்தான். அப்போது அது மருந்து. பாட்டில் ஒன்றுதான். அது யாருக்கு, எப்போது, எவ்வளவு என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

கொடுக்கும் கைக்கும் கணக்கு உண்டு

குடிப்பவரைப் பற்றி மட்டும் பேசிவிட்டுப் போனால் பாதி விஷயம்தான் முடியும். நம்மில் பலர் இந்தப் பானத்தைத் தாமே வாங்கிக் குடிப்பதைவிட, யாரோ கொடுத்துக் குடிப்பதே அதிகம்.

கொங்கு நாட்டின் உபசரிப்பைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. வாசலில் வந்தவரை, “வாங்க வாங்க, உக்காருங்க, என்ன சாப்பிடறீங்க?” என்று கேட்காமல் அனுப்ப மாட்டோம். வேண்டாம் என்று சொன்னாலும் பையனைக் கடைக்கு ஓடவிட்டுக் கலர் வாங்கி வரச் சொல்வோம். அல்லாஹ்வையும் இறுதி நாளையும் நம்புபவர் விருந்தாளியைக் கண்ணியப்படுத்த வேண்டும் என்பது நபிமொழி. அந்த நல்ல எண்ணத்தில்தான் செய்கிறோம். ஆனால் வந்தவர் சர்க்கரை நோயாளி என்று தெரிந்தும், “ஒருநாள் குடிச்சா ஒன்னும் ஆகாதுங்க மாமா” என்று கையில் திணிக்கும்போது அங்கே கண்ணியப்படுவது யார்? அவரா, நம்முடைய பெருமையா? அவருக்கு அன்று பத்து வீடு இருக்கும். பத்து வீட்டிலும் ஒருநாள்தான்.

தீங்கு செய்வதும் கூடாது, பதிலுக்குத் தீங்கு செய்வதும் கூடாது என்ற கருத்திலுள்ள நபிமொழி இப்னுமாஜாவிலும் முவத்தாவிலும் உள்ளது. ஃபிக்ஹின் பெரிய அடிப்படைகளில் ஒன்று அது. தெரியாமல் செய்தால் மன்னிப்பு உண்டு. தெரிந்த பிறகு? விருந்தாளியின் கண்ணியத்தில் அவருடைய கண்ணும் சிறுநீரகமும் இதயமும் அடங்கும். மறுக்கிறவரையும் கஞ்சர் என்றோ பந்தா என்றோ பேசாதீர்கள். வேண்டாம் என்று அவர் சொல்வது உங்களை அவமதிப்பதற்காக அல்ல. அவர் தம் அமானிதத்தைக் காக்கிறார்.

பிள்ளைகள் விஷயம் இன்னும் கனமானது. விருந்தாளியால் மறுக்க முடியும். நான்கு வயதுக் குழந்தையால் முடியாது. அழுகையை நிறுத்தவும், மதரஸாவுக்குப் போகவைக்கவும், செல்போனைக் கையிலிருந்து வாங்கவும் பத்து ரூபாய்ப் பாட்டிலைக் கொடுக்கிறோம். அத்தா கொடுத்தது என்று அது ஆசையாகக் குடிக்கிறது. அந்த நாக்குக்கு நாம் எதைப் பழக்குகிறோமோ அதைத்தான் நாற்பது வயதிலும் அது கேட்கும்.

நம்மால் விட முடியாதா?

“பழகிவிட்டது, விட முடியவில்லை” என்று சொல்பவர்கள் உண்டு. இந்த மண்ணின் சமீப வரலாற்றைக் கொஞ்சம் பாருங்கள். நம் எல்லையை ஒட்டிய பாலக்காடு மாவட்டம் பிளாச்சிமடையில் 2000இல் கோகோ கோலா ஆலை வந்தது. நிலத்தடி நீர் போகிறது என்று அந்த மக்கள் போராடினார்கள். 2004இல் ஆலை நின்றது. ஈரோடு மாவட்டம் பெருந்துறை சிப்காட்டில் அதே நிறுவனத்தின் ஆலைக்கு நிலம் ஒதுக்கப்பட்டபோது விவசாயிகளும் வியாபாரிகளும் எதிர்த்தார்கள். 2015 ஏப்ரலில் அந்த ஒதுக்கீடு ரத்தானது. 2017 மார்ச் முதல் வெளிநாட்டுக் குளிர்பானங்களை விற்பதில்லை என்று தமிழக வணிகர் சங்கங்கள் அறிவித்தன. 2023க்குப் பிறகு காஸா மக்களின் துயரத்தைக் கண்டு நம் இளைஞர்கள் எத்தனையோ பேர் சில பாட்டில்களைத் தொடுவதையே விட்டார்கள். கடைக்காரர்கள் இலாபத்தை விட்டு அலமாரியைக் காலி செய்தார்கள்.

அல்லாஹ் அந்த நிய்யத்துகளுக்குக் கூலி தருவானாக. ஆனால் நம்மை நாமே கேட்டுக்கொள்வோம். அந்தப் பாட்டிலை எடுத்துவிட்டு அதே இடத்தில் எதை வைத்தோம்? பெயர் மாறியது, நிறம் மாறியது. சர்க்கரை மாறியதா? பூமிக்கு அடியில் ஓடும் தண்ணீருக்காக எழுந்து நின்ற சமூகம், தன் தோலுக்கு அடியில் ஓடும் இரத்தத்துக்காக எழவில்லை. ஆனால் ஒன்று நிச்சயமாகத் தெரிந்துவிட்டது. நம்மால் விட முடியும். காரணம் போதுமானது என்று மனம் ஒப்புக்கொண்டால் ஒரே நாளில் விட முடியும். மறுமையில் முதலில் கேட்கப்படும் நிஃமத் என்பது போதுமான காரணம் இல்லையா?

அரசாங்கம் இந்தப் பானங்களுக்கு 40 சதவீத வரி போட்டிருக்கிறது. வரி விலையைக் கூட்டும். தக்வாதான் கையைத் தடுக்கும்.

என்ன செய்யலாம்?

பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். இன்றைக்கே தொடங்கக்கூடிய சிலவற்றைச் சொல்கிறேன்.

தாகத்துக்குத் தண்ணீர். இதை வீட்டின் சட்டமாக்குங்கள். உட்கார்ந்து, பிஸ்மில்லாஹ் சொல்லி, மூன்று மூச்சில் அருந்துவது ஸுன்னத். வெயில் காலத்தில் உப்புப் போட்ட நீர்மோர் இருக்கிறது. பொள்ளாச்சி இளநீர் நம் வாசலுக்கே வருகிறது. அதிலும் சர்க்கரை உண்டு, ஆனால் குளிர்பானத்தைவிட மிகக் குறைவு. சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு இளநீர் குடியுங்கள்.

டீயைக் கணக்கில் சேருங்கள். திருப்பூர் பனியன் கம்பெனியிலும், சோமனூர் தறிக் குடோனிலும் நிற்கிற சகோதரருக்கு டீதான் ஓய்வு, அதுதான் தெம்பு. அதை நிறுத்தச் சொல்லவில்லை. ஒரு கிளாஸில் இரண்டு கரண்டி என்றால் ஐந்து டீயில் பத்துக் கரண்டி, 40 கிராம். வாரம் அரைக் கரண்டியாகக் குறைத்து வாருங்கள், நாக்கு பழகிக்கொள்ளும்.

நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி என்று ஏமாற வேண்டாம். மணம் உண்டு, ருசி உண்டு. இரத்தத்துக்குள் போனபின் அதுவும் பெரும்பாலும் சர்க்கரைதான். சக்கையில்லாத கரும்புச்சாறும், சர்க்கரை போட்டுக் கலக்கிய பழச்சாறும் அப்படித்தான். பழமாகவே கடித்துச் சாப்பிடுங்கள்.

ரமளானில் நோன்பு திறக்க நபி (ஸல்) அவர்கள் பேரீச்சம்பழமும், அது இல்லாதபோது தண்ணீரும் கொண்டு திறந்தார்கள் என்று அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். நம் பள்ளிகளில் நோன்புக் கஞ்சி இருக்கிறது. பதினான்கு மணி நேரம் காலியாக இருந்த வயிற்றில் முதலில் இரண்டு கிளாஸ் சர்பத்தையும் ரோஸ்மில்க்கையும் ஊற்றினால் அந்த நோன்பு உடலுக்குத் தந்த நன்மையை நாமே கரைத்துவிடுகிறோம்.

வலீமாவில் பாட்டிலுக்குப் பதில் நல்ல தண்ணீரும் மோரும் வையுங்கள். ஜமாஅத் நிர்வாகிகள் தம் வீட்டு விசேஷத்திலிருந்து தொடங்கினால் மஹல்லா தானாகப் பின்தொடரும். முதலில் நாலு பேர் பேசுவார்கள். ஐந்தாவது கல்யாணத்தில் அதுவே வழக்கமாகிவிடும்.

கடை வைத்திருக்கும் சகோதரர்களே, இது உங்கள் ரிஸ்க் என்பதை அறிவேன். விற்பது ஹராம் என்று சொல்லவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளையின் கைக்கு எட்டும் முன்வரிசையில் தண்ணீரையும் மோரையும் வையுங்கள். அதற்கும் அல்லாஹ்விடம் கூலி உண்டு. நாற்பது வயதைத் தாண்டியவர்கள் வருடம் ஒருமுறையாவது இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்த்துக்கொள்ளுங்கள். குழாய் வலிக்காது என்று முதலிலேயே சொன்னேன். வலிக்காததை அளந்துதான் அறிய முடியும்.

அன்பிற்குரியவர்களே! மனிதன் நிரப்பும் பாத்திரங்களில் வயிற்றைவிட மோசமானது இல்லை என்ற கருத்தில் சொன்ன நபி (ஸல்) அவர்கள், அதை மூன்றாகப் பிரித்து, உணவுக்கு ஒரு பங்கு, பானத்துக்கு ஒரு பங்கு, மூச்சுக்கு ஒரு பங்கு என்று காட்டித் தந்தார்கள். பானத்துக்கும் அளவு சொன்ன மார்க்கம் இது. இன்று மாலை யாராவது ஒரு பாட்டிலை நீட்டினால் ஒரு நொடி நில்லுங்கள். பிடரியில் துடிக்கும் அந்தக் குழாயைத் தொட்டுப் பாருங்கள். அதைவிட நெருக்கமாக ஒருவன் இருக்கிறான். அவன் ஆரோக்கியத்தையும் தந்தான், குளிர்ந்த நீரையும் தந்தான். இரண்டைப் பற்றியும் கேட்பான். புன்னகையோடு, “ஒரு டம்ளர் தண்ணி கொடுங்க, போதும்” என்று கேளுங்கள். கொடுப்பவருக்கும் மனம் நோகாது, உங்கள் பதிலும் இங்கேயே தயாராகிவிடும்.

யா அல்லாஹ்! நீ தந்த உடலை உன் இபாதத்தில் தேய்க்கும் நல்லடியார்களாக எங்களை ஆக்குவாயாக! எங்கள் நோயாளிகளுக்கு ஷிஃபாவைத் தருவாயாக! எங்கள் பிள்ளைகளை எங்கள் கைகளின் அலட்சியத்திலிருந்து காப்பாயாக! குளிர்ந்த நீருக்கும் ஆரோக்கியத்துக்கும் நன்றி செலுத்தியவர்களாக உன்னைச் சந்திக்கும் பாக்கியத்தைத் தருவாயாக!

ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.